வேகன் ஆர்: பழசா, புதுசா? ஸ்டாண்டில் கேட்டதும் ஓட்டிப் பார்த்ததும்

மாருதி சுசுகியின் வேகன் ஆர் காரைப் பற்றிப் பேச்செடுத்தால் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஸ்டாண்டில் வாடகைக்கு வண்டி போடுகிறவர்களிடம் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. 2019 ஜனவரியில் மூன்றாம் தலைமுறை வண்டி வந்ததிலிருந்து இந்த வாதம் ஓயவே இல்லை. எங்கள் வீட்டில் முதலில் இருந்தது இரண்டாம் தலைமுறை வண்டி. இப்போது ஓடுவது மூன்றாம் தலைமுறை, 1.2 லிட்டர். இரண்டையும் ஓட்டியிருக்கிறேன், இதை வைத்துப் பிழைக்கிறவர்களோடு நிறையப் பேசியும் இருக்கிறேன். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடத்திலும் இழுவையிலும் இது நல்ல மாற்றம். ஆனால் முதலில் பார்த்திருக்க வேண்டிய ஒன்றைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள்.

நல்லதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பழைய வண்டியின் அகலம் 1495 மில்லிமீட்டர். புதியது 1620. கிட்டத்தட்ட ஐந்து அங்குலம் கூடியிருக்கிறது. காகிதத்தில் சின்ன எண்தான். பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் உட்காரும்போதுதான் அதன் அருமை தெரியும். பழைய வண்டியில் நடுவில் இருப்பவர் தோளை முன்னால் தள்ளி, முழங்கையை மடியில் வைத்துக்கொண்டுதான் வர வேண்டும். டிக்கி 180 லிட்டரிலிருந்து 341 ஆகிவிட்டது. கல்யாண வீட்டுக்குச் சாமான் ஏற்றிப் போகிறவர்கள் இதைக் கேட்டாலே முகம் மலர்ந்துவிடுவார்கள்.

மாறாமல் இருப்பதும் ஒன்று உண்டு. அதுதான் இந்த வண்டியின் உயிர் என்பேன். சீட்டின் உயரம். என் அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கதவைத் திறந்ததும் குனிய வேண்டாம், ஏறவும் வேண்டாம். முதுகைக் காட்டி அப்படியே சீட்டில் உட்கார்ந்து, அப்புறம் ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்துக்கொள்வார். ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிப் போகிற ஓட்டுநர்கள் பலரும் இதையே சொல்கிறார்கள்: வயசானவர்கள் வீட்டில் போன் பண்ணும்போதே "வேகன் ஆர் இருந்தா அனுப்புங்க" என்று கேட்கிறார்களாம்.

இஞ்சின் விஷயத்தில் சண்டை பழையது. முதல் தலைமுறையில் இருந்தது 1061 சிசி, நாலு சிலிண்டர். 2010இல் இரண்டாம் தலைமுறை வந்தபோது அது 998 சிசி, மூன்று சிலிண்டராக மாறியது. அப்போதே "ஆட்டம் தெரியுது" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. 2019இல் ஒரு லிட்டர் இஞ்சினை வைத்துக்கொண்டே 1.2 லிட்டர் நாலு சிலிண்டரையும் கொடுத்தார்கள். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போகிறவர்களுக்கு இது பெரிய வரம். அந்த மலைப்பாதையில் முன்னால் சரக்கு லாரி ஊர்ந்துகொண்டிருக்கும், ஏசி ஓடும், உள்ளே அஞ்சு பேர். பழைய ஒரு லிட்டரில் இரண்டாவது கியருக்கும் முதல் கியருக்கும் மாறி மாறி ஓட்டிய இடங்களை இப்போது இரண்டாவதிலேயே ஏறிவிடுகிறேன்.

பெட்ரோல் டேங்க் 35 லிட்டரிலிருந்து 32 ஆனது பலருக்கு வருத்தம். எனக்கு அதில் பெரிய குறை இல்லை. பின் விளக்கு கண்ணாடி வரை நெட்டுக்குத்தாக ஏறியது அழகா இல்லையா என்பது அவரவர் விருப்பம். அகலம் கூடியதில் ஒரு கஷ்டம் இருப்பது உண்மைதான். டவுன் சந்துகளில் எதிரே ஆட்டோ வந்தால் பழைய வண்டி நழுவிப் போய்விடும், இதில் கண்ணாடியை மடக்க வேண்டியிருக்கிறது.

சரி, ஸ்டாண்டில் உண்மையில் சூடு பறக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அளவு கூடியும் புதிய வண்டியின் எடை குறைந்துவிட்டது. இரண்டாம் தலைமுறை வண்டியை இன்னும் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி, பக்கத்தில் நின்ற தம்பியின் புது வண்டிக் கதவைச் சாத்திக் காட்டினார். பிறகு தன் வண்டிக் கதவைச் சாத்தினார். "சத்தத்தக் கேளும். எது இரும்பு, எது தகரம்னு நீரே சொல்லும்" என்றார். தம்பி விடவில்லை. "அண்ணாச்சி, ஒம்ம வண்டியில ஏர்பேக் எங்க இருக்கு, காட்டும்" என்று கேட்டார். அண்ணாச்சியிடம் இருப்பது அடிமட்ட மாடல். அதில் ஒன்றுகூடக் கிடையாது.

இரண்டு பேர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. கதவுத் தகரத்தின் சத்தத்தை வைத்து வண்டியின் பலத்தைச் சொல்ல முடியாது. மோதும்போது முன்பக்கம் நசுங்கத்தான் வேண்டும், அதிர்ச்சியை வாங்குவதே அதுதான். நசுங்கக் கூடாதது ஆள் உட்காரும் கூடு: தூண்கள், கால் வைக்கும் தளம், ஓரச் சட்டம். பழைய வண்டிகளெல்லாம் கோட்டை மாதிரி என்று நினைப்பவர்கள் 2014ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த வருஷம், வண்டிகளை மோதவிட்டுப் பார்த்து ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில், ஏர்பேக் இல்லாத மாருதி ஆல்டோ 800 வாங்கியது பூஜ்ய நட்சத்திரம்.

ஆனால் புதிய வேகன் ஆரின் கணக்கும் நெஞ்சை நிமிர்த்தும்படி இல்லை. 2019இல் அதே அமைப்பு சோதித்தபோது இரண்டு நட்சத்திரம். 2023இல், கடுமையாக்கப்பட்ட விதிகளின்படி, பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்குப் பூஜ்யம். கூடு நிலையாக இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். விதிகள் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் குழந்தைகளுக்குப் பூஜ்யம் என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை. என் அக்கா பிள்ளைகள் உட்காருவது அந்தப் பின் சீட்டில்தான்.

"லேசான வண்டின்னா அப்படித்தான் இருக்கும், விலைக்கு ஏத்த பண்டம்" என்று தம்பி சொன்னார். அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. வேகன் ஆர் நிற்பது ஹார்டெக்ட் என்ற அடித்தளத்தில். 2024 நவம்பரில் வந்த புதிய டிசையரும் ஹார்டெக்ட்தான். அதற்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் கிடைத்தது, கூடும் நிலையானது என்று வந்தது. அதே கம்பெனி, அதே பெயர் கொண்ட அடித்தளம். வலு சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்தால் லேசான வண்டியும் தாங்கும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். 2025இல் வேகன் ஆரின் எல்லா மாடலுக்கும் ஆறு ஏர்பேக் கொடுத்தது நல்ல காரியம். மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஏர்பேக் மட்டும் கூட்டுக்கு வலு கொடுத்துவிடாது. அடுத்த தலைமுறையை வரையும்போது டிக்கியில் இன்னும் நாலு லிட்டர் கூட்டுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும்.

லேசான, உயரமான வண்டி என்பதால் ஓட்டுவதிலும் ஒரு நிதானம் வேண்டும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டும்போது, காற்றாலைகள் இருக்கும் அந்தப் பகுதியில், காற்று பக்கவாட்டில் வந்து அறையும். பஸ்ஸை முந்தி வெளியே வரும் கணத்தில்தான் அது அதிகம் தெரியும். நான் அங்கே எண்பதுக்கு மேல் போவதில்லை, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: பழைய வேகன் ஆர் செகண்ட் ஹேண்டில் பார்த்தால் ஏர்பேக் உள்ள மாடலைத் தேடுங்கள், ஐம்பதாயிரம் கூடினாலும் பரவாயில்லை. புதியது என்றால், மலைப்பக்கம் போகிறவர்களுக்கு 1.2தான். உள்ளூர் ஓட்டத்துக்கு ஒரு லிட்டர் தாராளம். ஸ்டாண்டில் புதிதாக எடுப்பவர்கள் பலர் சிஎன்ஜி வண்டியையே, அதாவது கேஸிலும் பெட்ரோலிலும் ஓடுவதையே எடுக்கிறார்கள். செலவுக் கணக்கு அவர்களுக்குச் சரியாக வருகிறது, ஆனால் கேஸ் சிலிண்டர் டிக்கியில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது, கூடிய 341 லிட்டரால் அவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. சிஎன்ஜியில் ஆள் ஏற்றி ஆரியங்காவு ஏறியவர்கள் இங்கே இருந்தால், எந்த இடத்தில் பெட்ரோலுக்கு மாற்றினீர்கள், சாமானை எங்கே வைத்தீர்கள் என்று எழுதுங்கள். அந்தத் தம்பி அடுத்த வண்டி எடுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.