4294967297 பகா எண்ணா, இல்லையா?

கேள்வி:
2இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் 4294967297. 100க்குள் இருக்கும் எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன், எதுவும் மீதியில்லாமல் வகுக்கவில்லை. இது பகா எண்தானா, இல்லை நான் அவசரப்பட்டு நிறுத்திவிட்டேனா?

பதில் 1:
அவசரப்பட்டுவிட்டீர்கள் :) 641 × 6700417 போட்டுப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், 2இன் 1, 2, 4, 8, 16, 32ஆம் அடுக்குகளோடு 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537, அடுத்து உங்கள் எண் என்று போகும் இந்த வரிசை முழுக்கப் பகா எண்கள்தான் என்று கணித மேதை ஃபெர்மாவே நம்பினார். 1732இல் ஆய்லர் என்ற கணிதவியலாளர்தான் அதை உடைத்தார்.

கேள்வி கேட்டவர்:
சரி, கால்குலேட்டர் இல்லாமல் 641ஐ எப்படிப் பிடித்தாராம்?

பதில் 2:
இதற்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 64ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே ஆக வேண்டும், இது ஆய்லர் கண்ட விதி. அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஆக ஐந்தாவது முயற்சியிலேயே மாட்டிக்கொள்ளும். நீங்கள் 100க்குள் தேடியதெல்லாம் வீண் வேலை, மன்னிக்கவும்.

பதில் 3:
வகுக்காமலே காட்டலாம். 641 = 5×128 + 1, அதனால் 641ஐப் பொறுத்தவரை (641ஆல் வகுத்து வரும் மீதியை மட்டும் பார்த்தால்) 5×2⁷ என்பது −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸ = 1. அப்புறம் 641 = 625 + 16 என்பதால் 5⁴இன் இடத்தில் −2⁴ஐப் போடலாம், −2³² = 1 என்று வந்துவிடும், அதாவது 2³² + 1ஐ 641 மீதியில்லாமல் வகுக்கும், கதை முடிந்தது.

எனக்குப் பிடித்தது வேறு: இந்த எண் 65536² + 1², அதேசமயம் 62264² + 20449². பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இப்படி இரண்டு விதமாக எழுதவே முடியாது.