குவியப் புள்ளியா, குவியப் பொட்டா?

அனைவருக்கும் வணக்கம்.

எக்ஸ் கதிர்க் கற்றையைக் குவிக்கும்போது கிடைக்கும் மிகச் சிறிய பரப்புக்குக் ‘குவியப் புள்ளி’ என்று முந்தைய மடலில் முன்மொழியப்பட்டதை ஏற்கத் தயங்குகிறேன். வடிவியலில் புள்ளிக்கு இடம் உண்டு, பரப்பு கிடையாது. இத்துறையிலோ ஆய்வாளர்கள் போராடுவதெல்லாம் அந்தப் பரப்பின் அகலத்தோடுதான். எனவே ‘குவியப் பொட்டு’ என்பதை முன்வைக்கிறேன்.

தண்டையார்பேட்டையில் நான் இயற்பியல் சொல்லித்தரும் பிளஸ் டூ மாணவர்கள், 10 செ.மீ. குவியத் தொலைவுள்ள வில்லையை மொட்டைமாடி வெயிலில் பிடித்தபோது, தாளில் விழுந்தது ஏறத்தாழ 1 மி.மீ. அகலமுள்ள வட்டம். “புள்ளின்னு சொன்னீங்க, பொட்டு மாதிரி இருக்கே சார்” என்றாள் ஒரு மாணவி. அது சூரியனின் பிம்பம். எக்ஸ் கதிர்ப் பொட்டிலும் மூலத்தின் பிம்பத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் மூலத்தைத் தொலைவிலும், கதிரைக் குவிக்கும் ஆடியை ஆராயப்படும் பொருளுக்கு அருகிலும் வைத்து அந்தப் பங்கை வேண்டுமளவு குறைத்துவிடலாம்.

குறைக்க முடியாதது விளிம்பு விளைவு, அதாவது அலை என்பதால் கதிர் விளிம்புகளில் வளைந்து பரவுவது. அலைநீளம் 0.1 நானோமீட்டர் அளவே என்பதால் பொட்டும் அவ்வளவு சிறிதாகும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் எக்ஸ் கதிருக்கு எந்தப் பொருளின் ஒளிவிலகல் எண்ணும் 1-ஐவிட லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கே குறைவு. ஆகவே வில்லை கதிரை வளைப்பதே அரிது, ஆடியும் மாறுநிலைக் கோணத்துக்குள், அதாவது ஏறக்குறைய அரை பாகைக்குள், உரசிச் செல்லும் கதிரை மட்டுமே முழுமையாக எதிரொளிக்கும். குவியும் கோணம் குறுகக் குறுகப் பொட்டு அகலும். அலைநீளத்தைக் குறைத்துப் பார்த்தாலும் மாறுநிலைக் கோணமும் அதே விகிதத்தில் சுருங்கிவிடுவதால், பொட்டின் அகலத்தைத் தீர்மானிக்க மிஞ்சுவது ஆடிப்பொருளின் எலக்ட்ரான் அடர்த்தி மட்டுமே. கனமான உலோகங்களுக்கு அது 10 நானோமீட்டரை ஒட்டிய ஓர் எல்லையைத் தருகிறது. இயற்கை இட்ட இந்த எல்லையைப் ‘பொட்டின் கீழ்வரம்பு’ எனலாம்.

ஒற்றைப் பரப்பில் நிகழும் முழு எதிரொளிப்புக்கே இந்தக் கீழ்வரம்பு பொருந்தும். பல மெல்லிய அடுக்குகள் பூசிய ஆடியில் கோணத்தைக் கூட்ட முடியும் என்பதால், எலக்ட்ரான்களை வேகமாகச் சுழலவிட்டு எக்ஸ் கதிர் பெறும் கூடமான ஜப்பானின் ஸ்பிரிங்-8 சிங்க்ரோட்ரானில் 7 நானோமீட்டர் எட்டப்பட்டு, 2010-இல் அம்முடிவு வெளியானது. அங்கே கற்றை ஒரு திசையில் மட்டுமே குவிக்கப்பட்டதால், அதைப் பொட்டு என்பது பிழை. ‘குவியக் கோடு’ என்ற சொல்லையும் இத்துடன் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன்.