மொட்டை மாடியில் கம்பியில் கோத்துச் சுடும் கறி

கேள்வி (தண்டையார்பேட்டை):
வணக்கம். கோடையில் சமையலறை வெக்கையைத் தாங்க முடியாததால், மொட்டை மாடியில் சிறிய கரி அடுப்பு வைத்து, கறியைக் கம்பியில் கோத்துச் சுட்டு, அதையே இரவு உணவாக்க நினைக்கிறேன். கோழி வெளியே கருகி உள்ளே வேகாமல் போவதை எப்படித் தவிர்ப்பது? ஆட்டுக்கறி மெத்தென்று வர என்ன வழி?

பதில் (ராயபுரம்):
கோழியில் எலும்பில்லாத தொடைக்கறியை வாங்குங்கள். நெஞ்சுக்கறி விரைவில் வறண்டுவிடும். கெட்டித் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், உப்பு சேர்த்துப் பிசறி ஃப்ரிட்ஜில்தான் ஊறவைக்க வேண்டும். இந்த வெயிலில் வெளியே வைப்பது ஆபத்து. தீச்சுடர் முழுதும் அடங்கி, கரியின் மேல் வெண்சாம்பல் படர்ந்த பிறகே கம்பிகளை வைத்து, அடிக்கடி திருப்பிக்கொண்டே இருந்தால், கருகாமல் சீராக வேகும். துண்டின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வெப்பம் எட்டியிருக்க வேண்டும். மூங்கில் குச்சியானால் அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள்.

பதில் (காசிமேடு):
ஆட்டுக்கறிக்குப் பச்சைப் பப்பாளி விழுது சிறிதளவு போதும், ஐயா. அதிலுள்ள பப்பெயின் என்னும் நொதி கறியின் புரதத்தை உடைப்பதால், அதிகமானால் கறி கூழாகிவிடும். மீன் சுட விரும்பினால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால், அந்நாட்களில் நாட்டுப்படகில் வரும் மீனைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஞாயிறன்று தொடைக்கறியில் தொடங்குகிறேன்.