குடும்பக் குழு: தீபாவளி லேகியமும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரும்

*தீபாவளிக்கு முந்தின நாள்*

பெரியம்மா: லேகியம் கிளறி இறக்கியாச்சு. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம், சீரகம், தனியா எல்லாம் வறுத்து ஊறவைத்து அரைத்து, வெல்லம் சேர்த்து, நெய்யும் நல்லெண்ணெயும் மாற்றி மாற்றி விட்டு, கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன். யார் யாருக்கு வேண்டும், சொல்லுங்கள்.

ரவி அத்தான்: எனக்கு ஒரு டப்பா அத்தை!

சித்தப்பா: எனக்கும்.

கவிதா: சித்தப்பா, அதில் வெல்லம் இருக்கிறது, உங்களுக்குச் சுகர் இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் சுண்டைக்காய் அளவு போதும். அப்புறம் எல்லோருக்கும் ஒன்று, நாளைக் காலை வைக்கிற கறிக்குழம்பை மாலை வரை அடுப்பு மேலேயே விடாதீர்கள். சாப்பிட்டு முடித்ததும், இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும், எடுத்தால் நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் ஊற்ற வேண்டும். பால்கோவா மாதிரி பால் இனிப்பை முதலில் தீருங்கள், முறுக்கும் அதிரசமும் காத்திருக்கும்.

*தீபாவளிக்கு மறுநாள்*

மீனா அக்கா: கவி, சின்னவனுக்கு விடிந்ததிலிருந்து நாலு தடவை தண்ணீராகப் போய்விட்டது. ஒரு தடவை வாந்தி. ஜுரம் இல்லை.

பெரியம்மா: கொஞ்சம் லேகியம் நாக்கில் தடவட்டுமா?

கவிதா: வேண்டாம் பெரியம்மா. அது வயிறு மந்தமாக இருந்தால் சரி, பேதிக்கு இல்லை.

ரவி அத்தான்: நான் போடுகிற மாத்திரை வீட்டில் இருக்கிறது, உடனே நிற்கும். பாதி கொடுக்கலாமா?

கவிதா: அத்தான், கண்டிப்பாகக் கூடாது. பேதியை நிறுத்துகிற மாத்திரை மூன்று வயதுக் குழந்தைக்கு ஆபத்து. இப்போது போகிற தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பதுதான் வைத்தியம். ஓஆர்எஸ் பொடி வாங்குங்கள், ஒரு லிட்டருக்கு 20.5 கிராம் என்று போட்டிருக்கும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், பாதிப் பொடியை ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு கூடிப்போகும். ஒவ்வொரு தடவை போன பிறகும் 100 முதல் 200 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஆரம்பிக்கவும். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

மீனா அக்கா: கடையில் ஆரஞ்சு ருசியில் அட்டைப் பெட்டியில் ஜூஸ் மாதிரி கொடுக்கிறார்கள், குழந்தை குடிப்பான் என்கிறார்கள்.

கவிதா: அது வேண்டாம் அக்கா, அதில் சர்க்கரை அதிகம் இருந்தால் பேதி கூடும். பொடி கிடைக்கும் வரை ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சாப்பாட்டை நிறுத்தாதீர்கள், ரசம் சாதம், இட்லி, தயிர் சாதம் எது இறங்குகிறதோ அது. இன்றே டாக்டரிடம் காட்டுங்கள், ஜிங்க் மருந்து 10 முதல் 14 நாள் எழுதிக் கொடுப்பார், பேதி நின்றாலும் முழுதாகக் கொடுக்கணும். மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாதது, கண் உள்ளே போவது, எழுப்பினாலும் தூங்கி விழுவது, இதில் ஒன்று இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரி.

சித்தப்பா: எனக்கும் நெஞ்சு கரிக்கிறது கவிதா, வாயு மாத்திரை போதுமா?

கவிதா: வியர்க்கிறதா சித்தப்பா? இறுக்குகிற மாதிரி இருக்கிறதா, கைக்கோ தாடைக்கோ வலி போகிறதா, மூச்சு வாங்குகிறதா?

சித்தப்பா: அதெல்லாம் இல்லை. சாப்பிட்டுப் படுத்ததும் புளிப்பாக மேலே வருகிறது, அவ்வளவுதான். உட்கார்ந்தால் தேவலை.

கவிதா: சரி, இரவு கொஞ்சமாகச் சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். ஆனாலும் சுகர் இருப்பவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வரலாம், அதனால் நாளை ஒரு ஈசிஜி எடுத்துவிடுவோம், நான் கூட வருகிறேன். நடுவில் நான் கேட்டதில் ஏதாவது ஆரம்பித்தால் சோடா குடித்துப் பார்க்கலாம் என்று உட்காராமல் உடனே 108.

சித்தப்பா: சரிம்மா.

மீனா அக்கா: முக்கால் டம்ளர் குடித்தான் கவி. இப்போதுதான் ஒன்றுக்கும் போனான்!

கவிதா: ரொம்ப நல்லது. இரவும் எழுப்பிக் கொடுங்கள். அத்தான், டாக்டரிடம் போகும் வழியில் இன்னும் இரண்டு பாக்கெட் வாங்கிவிடுங்கள், பண்டிகை என்று கடையைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள்.