50 மீட்டர் துப்பாக்கிப் பயிற்சிக்கு எதை முதலில் வாங்குவது?

நான்:
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் முதல் 50 மீட்டர் பயிற்சிக் களத்துக்கு மாதம் இரண்டு முறை போவதென்று முடிவு செய்திருக்கிறேன். துப்பாக்கி கையில் இருக்கிறது, பழைய .22 (குழல் விட்டம் 0.22 அங்குலம்) போல்ட் ரைஃபிள், அதாவது பின்னால் உள்ள அடைப்புத் தண்டான போல்டைக் கையால் இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றுவது, பின்பக்கம் துளை வழியாகக் குறி பார்க்கும் வகை. துணைச் சாமான்களுக்கும் தோட்டாக்களுக்கும் சேர்த்து ஒரு சிறு தொகையைத்தான் ஒதுக்க முடிந்திருக்கிறது. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), பைபாட் (குழலைத் தாங்கும் இரட்டைக் கால்), தோல் உறை, சுத்தம் செய்யும் பெட்டி என்று பட்டியல் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். தோட்டாவுக்கு மிஞ்சுவது இரண்டே பெட்டிக்கான பணம். எதை நீக்குவது, எதை வைப்பது என்று சொல்லுங்கள்.

மாமா:
ஸ்கோப்பை மட்டும் நீக்கிவிடாதே. இலக்கு தெளிவாகத் தெரியாமல் ஆயிரம் தோட்டா சுட்டாலும் பயன் இல்லை என்பது என் எண்ணம். தோட்டாவை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளலாம்.

சித்தப்பா:
அத்தான் சொல்வது கண் மங்கிய என்னைப் போன்றவர்களுக்குப் பொருந்தும், இவனுக்குப் பொருந்தாது. ஒலிம்பிக்கில் நடக்கும் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் இன்றுவரை ஸ்கோப்புக்கு இடம் கிடையாது, பைபாடுக்கும் கிடையாது. அந்தத் துளையின் வழியாகத்தான் இலக்குத்தாளின் நடுவில் 10.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள பத்தாம் வளையத்தை அவர்கள் அடிக்கிறார்கள். நல்ல துளைக் குறி ஏற்கெனவே பொருத்தியிருக்கும் துப்பாக்கியில் மலிவான ஸ்கோப்பை மாட்டுவது, உள்ளதைக் கழற்றி இல்லாததை வைப்பது போன்றது. மலிவான ஸ்கோப்பின் குறை கண்ணாடியில் மட்டும் இல்லை. குறியைத் திருத்தும் திருகாணியை ஒரு கிளிக் திருப்பினால் குறி பொதுவாக 50 மீட்டரில் மூன்றரை மில்லிமீட்டர் அளவு நகர வேண்டும். அதுவோ முதல் இரண்டு கிளிக்குக்கு அசையாமல் இருந்து மூன்றாவதில் மொத்தமாகத் தாவும். தப்பு உன் விரலிலா ஸ்கோப்பிலா என்று தெரியாமல் ஒரு பெட்டி தோட்டாவைத் தீர்த்துவிடுவாய்.

மீனா அக்கா:
சித்தப்பா, குறியைப் பற்றிப் பேசும் முன் காதைப் பற்றிச் சொல்லுங்கள். தம்பி எழுதிய பட்டியலில் காதும் இல்லை, கண்ணும் இல்லை. .22 தானே, சத்தம் குறைவு என்று நினைத்துத்தான் பலர் வெறும் காதோடு நின்றுவிடுகிறார்கள். அதன் வெடிச்சத்தம் 140 டெசிபலை ஒட்டியது; ஒரே முறை கேட்டாலும் காதைக் கெடுக்கக்கூடிய எல்லை என்று சொல்லப்படுவதும் அதே 140 தான். கூரை போட்ட களத்தில், பக்கத்துத் தடத்தில் நிற்பவர் பெரிய துப்பாக்கியைச் சுட்டால் கேட்கவே வேண்டாம்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. பஞ்சு போன்ற நுரை அடைப்பான் மிக மலிவு. சரியாக வைத்தால் விலை உயர்ந்த காதுமூடிக்கு ஈடு கொடுக்கும். அதைச் சரியாக வைப்பவர்கள்தான் குறைவு. இரண்டு விரலுக்கு இடையில் மெல்லிய திரி போல் உருட்ட வேண்டும்; மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல்நுனியை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது உப்பி முடியும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். கண்ணாடியில் நேராகப் பார்த்தால் அடைப்பான் வெளியே துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. அதன் மேல் சாதாரணக் காதுமூடியையும் போட்டுக்கொள். கண்ணுக்குப் பாலிகார்பனேட் கண்ணாடி ஒன்று போதும்.

அத்தை:
இத்தனை பேர் இவ்வளவு பேசியும் பூட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. துப்பாக்கி ஓரிடத்திலும் தோட்டா வேறோரிடத்திலும் தனித்தனிப் பூட்டுக்குள் இருந்தால்தான் இந்த வீட்டுக்குள் இரண்டும் வரலாம். தோல் உறைக்கு எழுதிய பணத்தை அதற்கு மாற்று.

நான்:
மாற்றிவிட்டேன் அத்தை. போல்டைக் கழற்றிவிட்டுக் குழலுக்குள் கோக்கும் கம்பிவடப் பூட்டு ஒன்று துப்பாக்கியோடு வந்திருக்கிறது; அதை இன்றே போட்டுவிடுகிறேன். தோட்டாவுக்கு ஒரு சிறிய இரும்புப் பெட்டி வாங்கினால் போதும்.

சித்தப்பா:
பூட்டைப் பற்றி அக்கா சொன்னது சரி. இனி தோட்டாவுக்கு வருவோம், பணம் போக வேண்டிய இடம் அதுதான். போட்டிக்கு 60 குண்டு என்பது வழக்கமான கணக்கு. நீயும் ஒரு நாளைக்கு 60 என்று வைத்துக்கொண்டால் மாதம் 120. 500 அடங்கிய பெரிய பெட்டி ஒன்று நான்கு மாதத்துக்கு வந்து, குறி சரிபார்க்க 20 மிஞ்சும். ஒரே சமயத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்று உன் உரிமம் சொல்கிறதோ அதற்குள் இது அடங்குகிறதா என்று முதலில் பார்.

ஆனால் எடுத்த எடுப்பில் 500 வாங்கிவிடாதே. அந்தத் தவற்றை நான் செய்திருக்கிறேன். கடைக்காரர் தள்ளுபடி கொடுக்கிறார் என்று ஒரு பெரிய பெட்டியை அள்ளிக்கொண்டு வந்தேன். ஐம்பதுக்கு இரண்டு மூன்று வெடிக்கவே இல்லை. வெடித்தவையும் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று இலக்குத்தாளில் நெடுகப் போயின. தோட்டா வெடிக்காமல் போனால் உடனே போல்டைத் திறக்காதே. குழலை இலக்கை நோக்கியபடியே முப்பது விநாடி பிடித்திரு, தாமதமாகவும் வெடிக்கும். அந்தப் பெட்டி தீரும்வரை முப்பது முப்பது விநாடியாக நான் நின்ற நேரத்தைக் கூட்டினால் பத்துப் பதினைந்து நிமிடம் தேறும்.

அதனால் மூன்று வகையில் ஐம்பது அடங்கிய சிறு பெட்டி ஒவ்வொன்று வாங்கு. மூன்றும் சாதாரண வேக வகையாக இருக்கட்டும். அதிவேகம் என்று அச்சிட்டவை விநாடிக்கு 380 மீட்டர் வாக்கில் கிளம்பும். ஒலியின் வேகம் சுமார் 340 என்பதால், போகும் வழியில் அந்த எல்லைக்குக் கீழே இறங்கும்போது குண்டு தடுமாறக்கூடும். காகிதத்தில் ஓட்டை போட அந்த வேகம் தேவையும் இல்லை. மணல் பையின் மேல் துப்பாக்கியைத் தாங்கவைத்து, வகை மாற்றும்போது முதல் பத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டு, அடுத்த பத்தை ஒரே தாளில் சுட்டு அளந்து பார். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு மெழுகுப் பூச்சு, ஒரு குண்டு வடிவம் ஒத்துவரும். விலைக்கும் அதற்கும் எப்போதும் தொடர்பு இருப்பதில்லை. என் துப்பாக்கிக்கு நடுத்தர விலையில் உள்ளதுதான் பிடித்திருந்தது.

மாமா:
ஐந்து குண்டு சுட்டுப் பார்த்தால் போதாதா? அறுபதைச் சோதனைக்கே செலவழிப்பது வீண் போலத் தெரிகிறதே.

சித்தப்பா:
ஐந்து எப்போதாவது ஒரு முறை அழகாக ஒட்டிக்கொண்டு விழும் அத்தான்; அதை நம்பி வாங்கினால் 500-ம் கையில் தங்கிவிடும். எது ஒத்துவந்ததோ அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணை (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டுவது) குறித்துக்கொண்டு போய், அதே எண்ணில் பெரிய பெட்டியைக் கேள். பெயர் ஒன்றாக இருந்தாலும் லாட் மாறினால் குரூப்பும், அதாவது குண்டுகள் தாளில் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதும், மாறக்கூடும்.

நான்:
சுத்தம் செய்யும் பெட்டியை வாங்கலாமா சித்தப்பா? பதினெட்டு சாமான் இருப்பதாகப் போட்டிருக்கிறது.

சித்தப்பா:
அதில் பதினைந்தை நீ தொடவே மாட்டாய். மூன்று துண்டாக வரும் அந்தக் கம்பியின் இணைப்பு விளிம்பு குழலின் உட்புறத்தைச் சுரண்டும். பூச்சுப் போட்ட ஒரே நீளக் கம்பி ஒன்று, துணித்துண்டுகள், ஒரு புட்டி எண்ணெய் மட்டும் வாங்கு. போல்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாகவே செலுத்து. வாய்ப்பக்கம் உராய்ந்தால் குண்டு வெளியேறும் கடைசி விளிம்பு கெடும், அதற்குப் பிறகு எந்தத் தோட்டாவும் உதவாது. ஈயக் குண்டு மெதுவாகத்தான் குழலைத் தேய்க்கும், எனவே ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழுவ வேண்டிய கட்டாயமும் இல்லை.

மீனா அக்கா:
களத்திலிருந்து வந்ததும் உன் கையைத்தான் கழுவ வேண்டும். குண்டிலும் வெடிமருந்துப் புகையிலும் ஈயம் இருக்கிறது. குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டுக் கழுவாமல் எதையும் தின்னாதே, குழந்தையையும் தூக்காதே.

இன்னொன்று. காசே இல்லாத பயிற்சி ஒன்று உண்டு: வீட்டில் தோட்டா இல்லாமல் விசையை மட்டும் அழுத்திப் பழகுவது. நான் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் பாதிப் பயிற்சியை அப்படித்தான் செய்கிறேன். ஆனால் உன் .22-ஐ வெறுமனே தட்டாதே. அதன் ஊசி தோட்டாவின் விளிம்பை அடிப்பது. தோட்டா இல்லாதபோது குழலில் தோட்டா உட்காரும் இடத்தின் விளிம்பிலேயே மோதிப் பள்ளம் விழும். போலித் தோட்டா பத்து வாங்கிக்கொள், செலவு சொற்பம். பழகும் அறையில் உண்மைத் தோட்டா ஒன்றுகூட இருக்கக்கூடாது.

நான்:
பட்டியலைத் திருத்திவிட்டேன். ஸ்கோப், பைபாட், தோல் உறை மூன்றும் போய்விட்டன. நுரை அடைப்பான், காதுமூடி, கண்ணாடி, இரும்புப் பெட்டி, ஒரே நீளக் கம்பி, போலித் தோட்டா, மூன்று சிறு பெட்டித் தோட்டா. இவை போகக் கையிருப்பில் பாதிக்கு மேல் மீதம் நிற்கிறது. அதை லாட் எண் தெரியும்வரை தொடப்போவதில்லை.

மாமா:
ஸ்லிங் எங்கே? படுத்துச் சுடும்போது தோள்வார் இல்லாமல் அரை மணி நேரம் தாங்கமாட்டாய். இதையாவது கேள்.

சித்தப்பா:
இதில் அத்தான் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. புதிது வாங்க வேண்டாம், பரணில் என்னுடைய பழைய தோல் வார் கிடக்கிறது. எண்ணெய் தடவி மென்மையாக்கி ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன்.

அத்தை:
வரும்போது அந்த இரும்புப் பெட்டிக்கு நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கி வா தம்பி. ஒரு சாவி அவனிடம் இருக்கட்டும், மற்றது என்னிடம் இருக்கும்.