ஃபைபர் நெட் தேய்ந்துகொண்டே போகிறது, யாராவது வழி சொல்லுங்கள்
வணக்கம் நண்பர்களே. மதுரையில் எங்கள் வீட்டில் 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. போட்ட புதிதில் 190-க்குக் குறையாது. மூன்று மாதமாகத் தேய்ந்து தேய்ந்து இப்போது 60. ராத்திரி எட்டு மணிக்கு மேல் 20.

கஸ்டமர் கேரில் கேட்டால் வைஃபை மேல் பழி போடுகிறார்கள். சரி என்று லேப்டாப்பை நேராக மோடத்தில் லேன் கேபிளால் மாட்டினேன். அதே கதைதான். கேபிள் கேட்6 (வேகமான நெட்டைத் தாங்கும் வகை), லிங்க்கும் 1 ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) என்றே காட்டுகிறது, அதனால் கேபிள் மேல் குறையில்லை. மாத டேட்டா வரம்பையும் தாண்டவில்லை.

மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (ஃபைபர் வழியாக மோடத்துக்கு வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு) மைனஸ் 27.4 டிபிஎம்; மைனஸுக்குப் பின் எண் கூடினால் வெளிச்சம் குறைகிறது என்று அர்த்தம். போன வருட ஸ்கிரீன்ஷாட்டில் மைனஸ் 21. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் ஃபைபர் ஒயர் ஜன்னல் கம்பியில் பென்சிலைச் சுற்றியது போல இறுக்கி வளைந்து கிடக்கிறது (பெயின்ட் அடிக்க வந்தவர்களின் கைங்கரியம்). வெளிச்சம் அங்கேதான் கசிகிறது என்பது என் சந்தேகம். மோடத்தில் சிவப்பு விளக்கு (வெளிச்சம் வரவில்லை என்று காட்டுவது) எரியவில்லை என்பதால் லைன்மேன் "எல்லாம் ஓகே சார்" என்று கிளம்பிவிடுகிறார்.

வளைவை நிமிர்த்தினால் போதுமா, இல்லை அந்த இடத்தை வெட்டி ஸ்பிளைஸ் பண்ண (இரு முனைகளையும் திரும்ப ஒட்ட) சொல்ல வேண்டுமா? அப்புறம், ராத்திரி மட்டும் இன்னும் விழுவது தெருவில் நிறையப் பேர் ஒரே நேரத்தில் நெட் பயன்படுத்துவதாலா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.