பணித்தளத்தில் முதல் வருஷம்: வீட்டை எப்படி நடத்துவது?

புறப்பாடு கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்னும் ஆறு மாதத்தில் நானும் மனைவியும் வெளிநாட்டுப் பணித்தளத்துக்குப் போகிறோம். வெப்பமான பகுதி, மலேரியா உண்டு. கரண்ட் நாளைக்கு நாலைந்து மணி நேரம்தான். தண்ணீர் கிணற்றிலிருந்து. பிள்ளைகள் இன்னும் இல்லை. முதல் வருஷம் முழுக்க மொழி படிக்கவேண்டும் என்று அமைப்பில் சொல்லிவிட்டார்கள்.

பயிற்சியில் வேதபாடம், பண்பாடு எல்லாம் நன்றாகவே சொல்லித் தந்தார்கள். விடிந்தால் அடைந்தால் நாள் எப்படி ஓடும், எது நேரத்தைத் தின்னும் என்று மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. தண்ணீர், காய்ச்சல், கரண்ட், காகிதங்கள், பணம்: எதை இங்கேயே முடிக்கவேண்டும், எதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்? அளவும் முறையுமாகச் சொன்னால் உபயோகமாக இருக்கும்.

கொல்லைப்புறம்:

தம்பி, நேரத்தைத் தின்பது வீடுதான். வாஷிங் மெஷினும் குழாயும் இல்லாத வீட்டில் இரண்டு பேருக்குச் சமைத்து, துவைத்து, தண்ணீர் இறைத்துச் சுத்தம் பண்ணி, சந்தைக்கும் போய்வர நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் தாராளமாகப் போய்விடும். அது யார் தலையில் விழுகிறது என்பதுதான் முதல் வருஷத்தின் கேள்வியே. பேசி வைக்காவிட்டால் மனைவி தலையில் விழும். வருஷம் முடியும்போது கணவர் பிரசங்கம் பண்ணுவார். மனைவிக்குச் சந்தையில் விலை கேட்கும் அளவுக்குத்தான் மொழி வந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் அந்த இடைவெளியை எட்டிப்பிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

மிஷனரி வில்லியம் கேரி 1793-இல் வங்காளம் வந்ததைக் கொண்டாடுகிறோம். முதலில் வர மறுத்து, கப்பல் தாமதமானதால் கடைசி நேரத்தில் தங்கையையும் கூட்டிக்கொண்டு ஏறிய அவர் மனைவி டாரதியைப் பற்றிப் பேசுவது குறைவு. மறுவருஷமே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். அதற்குப் பிறகு டாரதியின் மனம் தேறவே இல்லை, 1807-இல் இறந்தார். மனைவியின் பங்கு என்ன என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடிக்கச் சொல்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

நடைமுறையில் இப்படி வையுங்கள். காலை 8 முதல் 10 வரை மனைவிக்கு வகுப்பு, வீடு உங்களுடையது. 10 முதல் 12 வரை உங்களுக்கு வகுப்பு, வீடு அவருடையது. ஒரே ஆசிரியரிடம் சேர்ந்து உட்காராதீர்கள். வேகமாகப் பிடிப்பவர் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார், மற்றவர் தலையாட்டிக்கொண்டு இருப்பார். முடிந்தால் மனைவிக்குப் பெண் ஆசிரியர். பெண்கள் தங்களுக்குள் பேசும் வழக்கு பல மொழிகளில் வேறு. சாயங்காலம் அன்று படித்த ஐந்து வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பத்து பேரிடம் அதையே சொல்லுங்கள். ஐம்பது வாக்கியம் எழுதி வைப்பதைவிட இது நாக்கில் ஒட்டும்.

தண்ணீர்: குடிக்க, சமைக்க, பல் துலக்க இரண்டு பேருக்குச் சுமார் 10 லிட்டர் சுத்தத் தண்ணீர் தினமும் வேண்டும். தளதளவென்று கொதி வந்தபின் 1 நிமிஷம் போதும். கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் இருந்தால் 3 நிமிஷம். இருபது நிமிஷம் கொதிக்க விடுவது எரிபொருளுக்குக் கேடு, வேறொன்றும் இல்லை. கொதித்த தண்ணீர் கெடுவது பெரும்பாலும் ஆறிய பிறகுதான்: கழுவாத குடத்தில் ஊற்றுவது, கைவிட்டு டம்ளரால் மொள்வது. மூடியும் அடியில் குழாயும் உள்ள பாத்திரம் வாங்குங்கள்.

பீங்கான் கேண்டில் ஃபில்டர் பாக்டீரியாவைப் பிடிக்கும், வைரஸை நம்பிக்கையாகப் பிடிக்காது. ஆகவே வடிகட்டியபின் கொதிக்க வையுங்கள், அல்லது குளோரின் போடுங்கள். கேண்டிலைத் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்க்கலாம், சோப்பு ஆகாது. கழுவி மாட்டியதும் வழக்கத்தைவிட மிக வேகமாக வடிந்தால் சந்தோஷப்படவேண்டாம். மயிரிழை விரிசலாக இருக்கலாம், அல்லது அடி வாஷர் சரியாக உட்காரவில்லை. குளோரினுக்கு, வாசனை சேர்க்காத ப்ளீச் (5 முதல் 6 சதவீதம்) லிட்டருக்கு 2 சொட்டு, கலங்கல் என்றால் 4 சொட்டு. கலக்கி 30 நிமிஷம் விடுங்கள். லேசாகக் குளோரின் மணம் வரவேண்டும். வராவிட்டால் அதே அளவு இன்னொரு முறை போட்டு மேலும் 15 நிமிஷம். வெயில் ஊரில் ப்ளீச் சீக்கிரம் வீரியம் இழக்கும், பாட்டிலில் வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள்.

உங்கள் பணித்தளம் ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதி என்றால் ஒன்று: ஈரத்துணியில் டும்பு ஈ முட்டையிடும். புழு தோலுக்குள் புகுந்து கொப்புளமாகும். உள்ளாடை, பெட்ஷீட் உட்பட எல்லாவற்றையும் சூடான இஸ்திரி போட்டுத்தான் உடுத்தவேண்டும். தையல் மடிப்பும் இடுப்பு எலாஸ்டிக்கும்தான் எல்லாரும் விட்டுவிடும் இடம்.

வேலைக்கு ஆள் வைப்பதில் கூச்சம் வேண்டாம். முதல் மாதமே வையுங்கள். சமையலறையில் இன்னொரு மொழி ஆசிரியர் கிடைத்தமாதிரி.

மாத்திரைப்பெட்டி:

ஆறு மாதம் என்று சொன்னதால் முதலில் இது. ஹெபடைடிஸ் பி ஊசி 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. ஏற்கெனவே போடாதவர் என்றால் இந்த வாரமே ஆரம்பித்தால்தான் கணக்கு சரியாக வரும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுளுக்கும் செல்லுபடி. உயிருள்ள கிருமி ஊசிகள் (மஞ்சள் காய்ச்சல், தட்டம்மை-மம்ப்ஸ்-ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர்) இரண்டு தேவைப்பட்டால் ஒரே நாளில், இல்லையென்றால் நாலு வாரம் இடைவெளி விட்டு. கர்ப்பம் திட்டத்தில் இருந்தால் டாக்டரிடம் முதல் வாயிலேயே சொல்லுங்கள். ஊசிப் பட்டியலும் மலேரியா மாத்திரையும் அதை வைத்தே மாறும்.

மலேரியா மாத்திரையில் ஜனங்கள் தப்பு பண்ணுவது முடிக்கும் இடத்தில். டாக்சிசைக்ளின் தினமும், போவதற்கு 1-2 நாள் முன் தொடங்கி, அந்தப் பகுதியை விட்டு வந்த பிறகும் 4 வாரம். மெஃப்ளோகுயின் வாரம் ஒன்று, 2 வாரம் முன்பே தொடங்கி, வந்தபின் 4 வாரம். மனச்சோர்வு, பதற்ற வரலாறு உள்ளவர்களுக்கு ஆகாது. அடோவாகுவோன்-ப்ரோகுவானில் தினமும், 1-2 நாள் முன், வந்தபின் 7 நாள். எது என்று டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். வருஷக்கணக்கில் தங்குவோருக்கு அவர் வேறு ஏற்பாடும் சொல்லலாம். மாத்திரை எதுவானாலும் கொசுவலைக்கு ஈடில்லை. மலேரியா கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். வலையின் ஓரம் தரையில் தொங்கக்கூடாது, நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகுங்கள். மருந்து ஊட்டிய வலையை அடிக்கடி துவைக்காதீர்கள். துவைத்தாலும் நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் மருந்து போய்விடும்.

காய்ச்சல் வந்தால் 24 மணி நேரத்துக்குள் ரத்தப் பரிசோதனை. "நாளைக்குப் பார்ப்போம்" என்பது இந்த நோயில் ஆகாது. வீட்டில் ரேபிட் கிட் (ஒரு சொட்டு ரத்தத்தில் மலேரியா பார்க்கும் பட்டை) வைத்திருக்கலாம், ஆனால் இரண்டு விஷயம். வெப்பத்தில் கிட் கெடும். பெட்டியில் போட்டிருக்கும் டிகிரிக்குள் வையுங்கள். குணமானபின்னும் சில வகைக் கிட் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். குணமாகிவிட்டதா என்று பார்க்க அது உதவாது, மைக்ராஸ்கோப் பரிசோதனைதான். வைவாக்ஸ் என்ற மலேரியா வகை கல்லீரலில் பதுங்கி மாதங்கள் கழித்துத் திரும்பும். அதை ஒழிக்கும் ப்ரைமாகுயின் கொடுக்கும் முன் ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) பரிசோதனை அவசியம், குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்த அணுக்கள் உடையும். இருவரும் இதை இங்கேயே எடுத்து ரிசல்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பொட்டலம் தீர்ந்துபோனால்: சுத்தமான தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். டீஸ்பூன் தலை தட்டி இருக்கவேண்டும். உப்பு கூடினால் ஆபத்து.

வாட்கணக்கு:

கரண்ட் பற்றி. சோலார் பேனல், பேட்டரி வாங்கும் முன் கணக்குப் போடுங்கள். எல்ஈடி விளக்கு இரண்டு, 7 வாட், 5 மணி நேரம்: 70 வாட்-மணி (வாட்டை மணி நேரத்தால் பெருக்கியது). டிசி ஃபேன் 15 வாட், 8 மணி: 120. லேப்டாப் 50 வாட், 3 மணி: 150. போன் இரண்டுக்கும் 20. மொத்தம் 360 வாட்-மணி. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் இருப்பது 1200; பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுசு குறையும், ஆக 600தான் உங்களுடையது. மழை மேகம் மூடிய ஒன்றரை நாளுக்குத் தாங்கும். பேனல்: நாளைக்கு 4 மணி நேரம் நல்ல வெயில், 30 சதவீதம் இழப்பு என்று வைத்தால் 130 வாட் வருகிறது. 200 வாட் போடுங்கள்.

எல்லாரும் வழுக்கி விழும் இடம் இன்வெர்ட்டர். ஒன்றும் மாட்டாமல் ஆன் பண்ணி வைத்தாலே பல இன்வெர்ட்டர் 10 முதல் 20 வாட் குடிக்கும். 24 மணி நேரத்துக்கு 240 முதல் 480! உங்கள் மொத்தச் செலவுக்குச் சமம். விளக்கையும் ஃபேனையும் நேராக 12 வோல்ட்டில் ஓட்டி, லேப்டாப் சார்ஜ் ஏறும்போது மட்டும் இன்வெர்ட்டரைப் போடுங்கள். பேட்டரி சும்மா இருக்கும்போது மீட்டரில் 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிஸ்டில்ட் வாட்டரைச் சார்ஜ் ஏறியபின் ஊற்றவேண்டும். காலி பேட்டரியில் நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழியும். ஃப்ரிட்ஜை இந்த அமைப்பில் மாட்ட நினைக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

கொல்லைப்புறம் அக்கா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். முதல் மாதமே ஆள் வைப்பது சரியில்லை. ஊர்க் கூலி தெரியாமல் கூடக் கொடுத்தால் அக்கம்பக்கத்தில் ஆள் வைத்திருப்பவர்களுக்குத் தலைவலி. குறைத்துக் கொடுத்தால் உங்கள் பேர் கெடும். மூன்று மாதம் போகட்டும். வைக்கும்போது நேரம், சம்பளம், வார விடுமுறை, நோய்ச் செலவு, முன்பணம் எவ்வளவு வரை என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டு வேலைக்கும் செல்லுமா என்று கேட்டுவிடுங்கள்.

காகிதங்கள்: பாஸ்போர்ட்டில் சேரும் நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியும் வெற்றுப் பக்கங்களும் இருக்கட்டும். இரண்டு நாடும் 1961 ஹேக் ஒப்பந்தத்தில் இருந்தால் திருமணச் சான்றுக்கும் படிப்புச் சான்றுக்கும் அப்போஸ்டில் (சான்று உண்மையானது என்று அரசு போட்டுத்தரும் முத்திரை) போதும். இல்லையென்றால் தூதரகம் வரை போகவேண்டும், வாரங்கள் ஆகும். திருமணச் சான்றிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மனைவியின் விசா உங்கள் விசாவை ஒட்டித் தரும் சார்பு விசாவா, அதில் கற்பிக்கவோ மருத்துவம் பார்க்கவோ அனுமதி உண்டா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்து மாட்டிக்கொண்டால் உள்ளூர் சபையும் சேர்ந்து மாட்டும்.

பணம்: காணிக்கை ஒரு நாணயத்தில் வரும், செலவு இன்னொன்றில். மூன்று மாதச் செலவும் இருவருக்கும் திரும்பி வரும் டிக்கெட் பணமும் தொடாமல் இருக்கட்டும். பல நாடுகளில் 183 நாள் தங்கினால் வரிக்கு அந்த நாட்டவர் ஆகிவிடுவீர்கள், நாள் கணக்கை எழுதி வையுங்கள். ஆதரவாளர்களுக்கு அனுப்பும் ஜெபக் கடிதம் மாதம் ஒன்று, ஒரு பக்கம் போதும். உள்ளூர் ஆட்களின் முகமோ பெயரோ அவர்கள் அனுமதி இல்லாமல் வேண்டாம். கடிதம் யார் கைக்கெல்லாம் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த ஊர் ஆள் ஒருவர் அதைப் படித்தாலும் கூசாத மாதிரி எழுதுங்கள்.

புறப்பாடு:

ரொம்ப நன்றி. வகுப்பு நேரத்தைப் பிரிப்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. இன்வெர்ட்டர் கணக்கும் அப்படியே. ஒரு சந்தேகம்: ஹெபடைடிஸ் பி மூன்றாவது தவணைக்கு முன்பே கிளம்பவேண்டி வந்தால் முதலிலிருந்து போடவேண்டுமா?

மாத்திரைப்பெட்டி:

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், தாமதமானாலும் பழைய தவணை வீணாகாது. போட்ட தேதிகள் உள்ள அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை அங்கே போடுவதானால் ஊசி மருந்தை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில், உறையாமல் வைத்திருக்கும் இடமாகப் பாருங்கள். இந்த மருந்து உறைந்துவிட்டால் பயனில்லை.